ஸ்டூலின் நாலாவது கால்

எங்கள் விடுதியில் குருவைக் குலுக்கல் சீட்டில்தான் எடுப்போம்.

கரூரில் ஒரு கல்லூரிக்குப் பின்பக்கம் இருக்கும் பெண்கள் விடுதி அது. யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. முதல் வருடப் பெண்கள் வந்து சேர்ந்ததும், கடைசி வருடம் படிக்கும் அக்காக்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, மெஸ் சாம்பார் வாளியில் போட்டுக் குலுக்குவோம். கையில் வரும் பெயர்தான் அவளுக்கு வருடம் முழுக்க குரு. எடுத்தவள் சிஷ்யை.

சிஷ்யை மாதம் ஒரு கேள்வி கேட்கலாம். குரு நேராகப் பதில் சொல்லக் கூடாது, ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். நேராகச் சொல்லிவிட்டால் ஒரு வாரம் சிஷ்யையின் துணியைக் குரு துவைத்துப் போட வேண்டும். விளையாட்டுக்கு வைத்த விதிதான். ஆனால் துணி துவைக்கப் பயந்தே எங்கள் அக்காக்கள் எல்லாரும் ஞானிகள் ஆகிவிட்டார்கள்.

நாகஜோதிக்கு வாளியிலிருந்து வந்தது தில்ஷாத் அக்காவின் பெயர். விடுதியே சிரித்தது.

தில்ஷாத் அக்கா பள்ளப்பட்டிக்காரர். எம்.எஸ்சி. கணக்கு. எங்கள் அறையில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது. அவரிடம் எதுவும் இருக்காது. ஊசி இருக்காது, ஊக்கு இருக்காது, குளிக்கப் போகும்போது சோப்புகூட இருக்காது. "ஏ புள்ளைகளா, யார்கிட்ட நகவெட்டி இருக்கு?" என்று தாழ்வாரத்தில் அவர் குரல் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கொடுத்தவள் திருப்பி வாங்க வருவாள். வந்தவள் கட்டிலில் உட்காருவாள். உட்கார்ந்தவள் ஒரு மணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டாள். அறை எப்போதும் சந்தைக்கடையாக இருக்கும். இரண்டாம் வருடம் பி.காம். படித்துக்கொண்டிருந்த நான் மொட்டை மாடிக்குப் போய்த்தான் படிப்பேன்.

எங்கள் அறையிலேயே மூன்றாவது ஆளாக வந்த நாகஜோதி அதற்கு நேர்மாறு. வேடசந்தூர் பக்கத்துப் பெண், பதினெட்டு வயது. அவளிடம் எல்லாமே இருந்தது. எதையும் வாங்கவில்லை, எல்லாம் அவளே செய்தது.

கரூரில் துணிக் கம்பெனிகள் வெட்டிப்போட்ட துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். அதைப் பின்னிக் கால்மிதி செய்தாள், அடைத்துத் தலையணை செய்தாள். கொசுவலைத் துண்டுகள் பதினொன்றை ஒட்டுப்போட்டு முழு வலை தைத்தாள். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து, கல்யாணப் பத்திரிகை அட்டைக்குள் வைத்துத் தைத்தால் அது புது நோட்டு. சொம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் துணி தேய்ப்பாள். விரிசல் விட்ட வாளியைச் சுடவைத்த கத்தியால் ஒட்டிவிட்டாள். போர்வை மடிக்கக்கூட ஆள் வேண்டாம். இரண்டு முனைகளை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத் தனியாகவே மடிப்பாள்.

"போர்வை மடிக்கவாவது என்னைக் கூப்பிடக் கூடாதாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க படிக்கறீங்கல்லக்கா. எதுக்குத் தொந்தரவு?"

கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தாள். ஆணி, கம்பி, குறடு, உப்புத்தாள், ஊசி, நூல் எல்லாம் தனித்தனி டப்பாவில். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுப்பாள்.

முதல் மாதம் குருவிடம் கேள்வி கேட்டாள்.

"அக்கா, பஸ் பாஸ் எங்க வாங்கணும்?"

"வரிசையில உனக்கு முன்னாடி நிக்கறவகிட்ட கேளு."

"எந்த வரிசைக்கா? அதைத்தானே கேக்கறேன்."

"அப்ப மொதல்ல வரிசையைத் தேடு."

நாகஜோதி யாரையும் கேட்காமல் தானே அலைந்து பாஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். "இந்தக் குருவால எனக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

இன்னொரு நாள் தில்ஷாத் அக்காவுக்குக் காய்ச்சல். பெட்டியிலிருந்து சால்வையை எடுத்துத் தரச் சொன்னார். நாகஜோதி பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, நகவெட்டி உங்க பெட்டியிலயே இருக்கே?"

"இருக்கா? எங்க வச்சேன்னு தெரியாம இருந்துச்சு."

"மேலாகத்தான் இருக்கு."

"அங்கேயே வையி."

"புதுச் சோப்பும் இருக்குக்கா. பிரிக்கவே இல்ல."

"பெட்டியை மூடு புள்ள. குளுருது."

நாகஜோதி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். சோம்பேறித்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்சம் அதுவும் இருந்தது. குரு என்பதற்காக அதை மறைக்கக் கூடாது.

நாகஜோதியின் அப்பா பெயர் செல்லமுத்து. பெங்களூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மாதம் ஒரு முறை ஊருக்குப் போவார். அவர் போகும் பஸ் கரூர் வழியாகத்தான் போகும். நடுவில் கரூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து விடுதிக்கு வந்து மகளைப் பார்த்துவிட்டு, வேறு பஸ்ஸில் வேடசந்தூர் போவார். விடுதிக்குள் ஆண்கள் வரக் கூடாது. கேட்டை ஒட்டி, சைக்கிள் ஷெட் ஓரமாக நின்றுதான் பேச வேண்டும்.

முதல் தடவை வந்தபோது நானும் அவளோடு கேட்டுக்குப் போனேன். ஒரு பை வாங்கி வந்திருந்தார்.

"இந்தா பாப்பா. காலேஜுக்கு."

அவள் தோளில் ஏற்கெனவே ஒரு பை தொங்கியது. பழைய ஜீன்ஸ் துணியில் தைத்தது. இரண்டு அறை, ஜிப், தண்ணீர் பாட்டிலுக்குத் தனி இடம்.

"எனக்குத்தான் இருக்கேப்பா. எதுக்கு வீண் செலவு? கடையிலேயே திருப்பிக் குடுத்துருங்க."

"பெங்களூர்ல வாங்கினது பாப்பா."

"அப்ப பெங்களூர்லயே குடுத்துருங்க."

அவர் மகள் தைத்த பையைத் தடவிப் பார்த்தார். ஜிப்பை இழுத்துப் பார்த்தார். "கடையில வாங்கினது தோத்துச்சு போ" என்றார். அதில் பெருமைதான் இருந்தது, பொய் இல்லை. பிறகு புதுப் பையை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் அவளைத் திட்டினேன்.

"ஆசையா வாங்கிட்டு வந்தாருல்ல? வாங்கிக்கிட்டா என்னவாம்?"

"அவர் மணிக்கட்டைப் பாத்தீங்களாக்கா? துணி சுத்தியிருந்தாரு. மாவு அடிச்சு அடிச்சு வீங்கிக் கெடக்கு. நான் ஒண்ணு கேட்டா அந்தக் கை இன்னும் நூறு பரோட்டா அடிக்கணும்."

"அதுக்காக?"

"கேட்டா வாங்கித் தந்துருவாருக்கா. அதான் கேக்கறதில்ல."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா அன்று ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே பேசினார். அங்கே இருப்பது ஒரே ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதில் எப்போதும் யாராவது இருப்பார்கள். நாகஜோதி பழக்கடையிலிருந்து ஆப்பிள் பெட்டிப் பலகை வாங்கி வந்தாள். நாலு நாள் அறுத்து, தேய்த்து, ஆணி அடித்து அப்பாவுக்காக ஒரு ஸ்டூல் செய்தாள்.

அடுத்த மாதம் அவர் வந்ததும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். அவர் உட்கார்ந்தார். ஸ்டூல் ஆடியது.

"ஆடுதே பாப்பா."

"ஒரு கால் கொஞ்சம் குட்டையாப்போச்சுப்பா."

அவர் எழுந்து குனிந்தார். அந்தக் காலுக்கு அடியில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"சரியா சுண்டு விரக்கட. எங்க ஓட்டலுக்குப் பக்கத்துல ஆசாரி ஒருத்தரு இருக்காரு. நல்ல கட்டையாச் சீவி எடுத்தாறேன். நானே அடிச்சுத் தாறேன்."

"சரிப்பா."

அன்று ஆடுகிற ஸ்டூலில் ஆடிக்கொண்டே வெகுநேரம் பேசினார். ஓட்டல் முதலாளி கதை, பக்கத்து அறை நேபாளிப் பையன் கதை, எல்லாம். கடைசி நிமிடத்தில் ஓடித்தான் டவுன் பஸ்ஸைப் பிடித்தார்.

அவர் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாகஜோதி சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பாதான் கட்டை கொண்டாறேன்னாரே?"

"பாவம்க்கா. அவ்வளவு தூரத்துலேர்ந்து ஒரு கட்டையைச் சுமந்துட்டு வரணுமா?"

டியூப்பை மடித்து மடித்து வைத்து, நாலு ஆணி. ஸ்டூல் அசையவில்லை.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது நான் கேட் பக்கத்தில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வந்த வேகத்திலேயே கை பைக்குள் போனது.

"அப்பா, அப்பா, மொதல்ல உக்காந்து பாருங்க!"

உட்கார்ந்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"ஆடல."

"நானே சரி பண்ணிட்டேன்!"

"பலே" என்றார். கை இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.

அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள். அவர் பைக்குள்ளிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கட்டை. வழவழவென்று இழைத்து, ஓரத்தைக்கூட மழுக்கியிருந்தது. சுண்டு விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மகள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் அவசரமாகச் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டார்.

அன்று அவர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். கட்டை விஷயத்தைத் தில்ஷாத் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அவகிட்ட சொல்லிட்டியா பவளம்?"

"இல்லக்கா. சொல்லட்டுமா?"

"அவளே கேக்கட்டும்."

அதற்கடுத்த மாதம் அவர் வரவில்லை. போன் வந்தது.

"பாப்பா, கரூர் பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்குது. பத்து நிமிசம். உனக்கு ஒண்ணும் வேணாமுல்ல?"

"ஒண்ணும் வேணாம்ப்பா. எல்லாம் இருக்கு."

"அதான் தெரியுமே. சரி பாப்பா, நல்லாப் படி. அம்மாட்ட சொல்லிர்றேன்."

அடுத்த மாதமும் அதே போன். அதே பத்து நிமிடம். அதற்கடுத்த மாதமும். கடைசித் தடவை போனை வைத்த பிறகு அவள் ஸ்டூலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. தலையணையில் துணித் துண்டுகளை நன்றாக அடைத்திருந்தாள், சத்தம் வெளியே வரவில்லை.

அந்த மாதக் கேள்வியைத் தில்ஷாத் அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனாள். அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, அப்பா ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?"

அக்கா முறுக்கைக் கீழே வைத்தார்.

"உங்க அத்தாகிட்டயே கேட்டியா?" அவர் ஊரில் அப்பாவை அத்தா என்பார்கள்.

"கேட்டேன். உனக்குத்தான் எல்லாம் இருக்கே பாப்பா, நான் வந்து என்ன பண்ணப் போறேன்னு சிரிக்கறாரு."

"ம்."

"நான் செலவே வைக்கறதில்லக்கா. ஒரு தொந்தரவு குடுக்கறதில்ல. ஊர்ல எந்தப் பொண்ணு இப்படி இருக்கா? அப்புறமும் ஏன்க்கா? நேராச் சொல்லிருங்க. துணிகூட நீங்க துவைக்க வேணாம்."

"துணிக்காக இல்ல. சொன்னா நீ நம்ப மாட்ட."

"அப்ப?"

"ஏழு நாள். ஒவ்வொரு நாளும் ஒருத்திகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வா. உன்கிட்ட இருக்கறதைக் கேக்கக் கூடாது. இல்லாததைக் கேளு."

நாகஜோதி தகரப் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தாள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள்.

"என்கிட்ட இல்லாதது எதுவும் இல்லையேக்கா."

"நல்லாத் தேடு."

முதல் நாள் மூன்றாம் நம்பர் அறை வாசல் வரை போனாள். நின்றாள். திரும்பி வந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"வாய் வரலக்கா."

"நாளைக்கு வரும்" என்றார் அக்கா. "ஆனா நாளைக்குத்தான் மொத நாள்."

மறுநாள் போய்க் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கி வந்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்ததுபோல வியர்த்திருந்தது. அதற்கடுத்த நாள் ஒருத்தியிடம் குடை. வெயில் சுள்ளென்று அடித்தது. குடையைக் கொடுத்தவள் ஒரு மாதிரி பார்த்தாளாம்.

மூன்றாவது நாள் பதினாலாம் நம்பர் அறைக்குப் போனாள். அங்கே பிளெஸ்ஸி என்று ஒரு பெண். யாரோடும் பேச மாட்டாள், அவளோடும் யாரும் பேச மாட்டோம். நாகஜோதி தலைமுடியைத் துணித் துண்டில்தான் கட்டுவாள். பிளெஸ்ஸியிடம் போய் ஒரு ஹேர் கிளிப் கேட்டாள்.

பிளெஸ்ஸி ஒரு கிளிப் எடுத்துக் கொடுக்கவில்லை. டப்பாவையே கொண்டுவந்து மடியில் கொட்டினாள். அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தலையில் மாட்டிவிட்டாள். சாயங்காலத்துக்குள் மூன்று தடவை எங்கள் அறைக்கு வந்தாள்.

"கிளிப் நிக்குதா?"

"நிக்குது."

"இறுக்கமா இல்லையே?"

"இல்ல."

மூன்றாவது தடவை வந்தபோது, பச்சை நிறத்தில் இன்னொன்று இருக்கிறது, அது உன் சுடிதாருக்குப் பொருத்தம் என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்று சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நாகஜோதி பச்சைக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஒரு கிளிப்பைக் குடுத்ததுல இவளுக்கு என்னக்கா இவ்வளவு சந்தோசம்?"

"உனக்கு மாசம் ஒரு கேள்விதான்" என்று அக்கா முறுக்கை எடுத்துக்கொண்டார்.

நாலாவது நாள் ஒருத்தியிடம் முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னாள். ஐந்தாவது நாள் ஒருத்தியிடம் புரியாத கணக்கு ஒன்று. ஆறாவது நாள் துவைத்த போர்வையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

ஏழு மாதமாக ஒரே அறை. அன்றுதான் முதல் தடவை. எழுந்து பிடித்தேன். அவள் இரண்டு முனையோடு என் பக்கம் நடந்து வந்தாள், நான் வாங்கிக்கொண்டேன், அவள் தொங்கும் மடிப்பைப் பிடித்தாள், மறுபடி வந்தாள். போர்வை மடிக்கிறதுக்கெல்லாம் யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

ஏழாவது நாள் முழுக்க அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் நான் படிக்கும் இடத்துக்கு வந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"போர்வையா?"

"இல்ல. அன்னைக்கு அப்பா கடைசியா வந்தப்ப நீங்க கேட்டுப் பக்கம் இருந்தீங்கல்ல?"

"ம்."

"அப்பா கட்டை கொண்டுவந்திருந்தாரா?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"கொண்டுவந்திருந்தாரு. நீ தண்ணி எடுக்கப் போனப்ப பிரிச்சுப் பாத்துட்டுத் திரும்ப வச்சுக்கிட்டாரு."

"நீங்க ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

அவள் படி இறங்கிப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அறையில் தில்ஷாத் அக்கா கேட்டார்.

"ஏழாவது என்ன கேட்ட?"

நாகஜோதி கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். குறடை எடுத்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினாள். டியூப் மடிப்பு கழன்று விழுந்தது. ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்து பார்த்தாள். ஆடியது. எழுந்து, இன்னொரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். நன்றாகவே ஆடியது. பொய் சொல்ல அவளுக்கு வராது.

அப்புறம்தான் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் கொத்துப் பரோட்டா போடும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"பாப்பா? என்ன இந்நேரத்துல? சாப்ட்டியா?"

"அப்பா, ஸ்டூல் ஆடுதுப்பா."

சத்தம் நின்றது.

"எந்தக் காலு?"

"அதே கால்தான்."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அந்தக் கட்டை பையிலயேதான் கெடக்கு பாப்பா" என்றார். "தூக்கிப் போட்டுர்லாம்னு ரெண்டு மூணு வாட்டி எடுத்தேன். மனசு வரல."

நாகஜோதி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம வரட்டுமா?"

தன் மகளைப் பார்க்க ஒரு அப்பா அனுமதி கேட்டார்.

"வாங்கப்பா" என்றாள். "நீங்க வந்தாத்தான் சரியாகும்."

போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். இந்தத் தடவை தலையணையைத் தேடவில்லை. தில்ஷாத் அக்கா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அவர் வந்துவிட்டார். தேய்த்த சட்டை. செய்தித்தாள் பொட்டலம் கையிலேயே இருந்தது. சட்டைப்பையில் ஆணிகள், பைக்குள் சுத்தியல்.

"நீ பிடிச்சுக்க பாப்பா. நான் அடிக்கறேன்."

அவள் ஸ்டூலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் அந்தத் துணி சுற்றிய மணிக்கட்டு கோணியது. குடுங்கப்பா, நான் அடிக்கறேன் என்ற வார்த்தை தொண்டைவரை வந்து நின்றதை நான் சத்தியமாகப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை. ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாலு ஆணி. ஒன்று வளைந்தது. அதைப் பிடுங்கி வேறொன்று அடித்தார். நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தார்.

ஸ்டூல் ஆடியது. இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக.

"அட" என்றார். குனிந்து பார்த்தார். "கட்டை ஒரு நூல் கூடிப்போச்சு. சுண்டு விரலை நம்பினது தப்பு. உப்புத்தாள் இருந்தாத் தேச்சு எடுத்துர்லாம். இன்னைக்குக் கடை வேற இருக்காது."

தகரப் பெட்டியில், இரண்டாவது டப்பாவில், மூன்று உப்புத்தாள்கள் இருந்தன. எனக்கே தெரியும்.

"அடுத்த மாசம் வரும்போது கொண்டாங்கப்பா" என்றாள் நாகஜோதி.

"கொண்டாறேன், கொண்டாறேன். நல்ல நைசு தாளா எடுத்தாறேன்."

ஆடிக்கொண்டே பேசினார். இரண்டு மணி நேரம். நேபாளிப் பையனுக்குக் கல்யாணமாம். கிளம்பும்போது அவள் கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு வாங்கிட்டு வந்தீங்களே, அந்தப் பை இருக்கா?"

"அதையா? உங்கம்மா சந்தைக்குக் கத்திரிக்கா வாங்க எடுத்துட்டுப் போறா. பிடுங்கிட்டு வரவா?"

"பிடுங்கிட்டு வாங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

அறைக்கு வந்தபோது தில்ஷாத் அக்கா பிளெஸ்ஸியின் நகவெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பிளெஸ்ஸி பக்கத்திலேயே உட்கார்ந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நாகஜோதி ஸ்டூலைச் சுவரோரம் வைத்தாள்.

"சரியாப்போச்சா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. இன்னும் ஆடுது. கட்டை ஒரு நூல் ஒசரம்."

"உன்கிட்டதான் உப்புத்தாள் இருக்கே. தேய்க்க வேண்டியதுதானே?"

நாகஜோதி தகரப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு குருவைப் பார்த்தாள்.

"எங்க வச்சேன்னு தெரியலக்கா."

தில்ஷாத் அக்கா நகவெட்டியை மடக்கினார்.

"சரி. தேடாத."